இன்னொன்று இருக்கட்டும்

அந்த வீட்டுக்குள் நான் பெட்டியை இறக்கி வைத்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "எங்க வீட்டு ஆளுங்க வந்தா நீ காலி பண்ணணும், சரியா?" என்பதுதான்.

"எப்ப வருவாங்க அக்கா?"

"தெரியாது. வந்தா சொல்றேன்."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளையில் தேயிலைத் தோட்டங்களின் நிர்வாக வேலைகளைப் பார்க்கும் ஒரு காரியாலயத்தில் எனக்குத் தட்டெழுத்து வேலை கிடைத்திருந்தது. அப்புத்தளையிலிருந்து தினமும் வந்து போக முடியாததால், அதே காரியாலயத்தில் வேலை செய்த அக்காவின் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டேன். காரியாலயத்தில் எல்லோரும் அவளை "மிஸ்" என்பார்கள். வீட்டில் எனக்கு அக்கா.

பஸ் நிலையத்துக்கு மேலே ஏற்றத்தில் இருந்தது அந்த வீடு. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. ஒற்றை ஆளுக்கு அது அதிகம். தட்டுகளும் தேவைக்கு மேல் இருந்தன, பாய்களும் அப்படியே. வெயில் காணும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக் காயவைப்பாள். "ஆளே படுக்காத பாய ஏன் அக்கா காய வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஆள் படுக்காத பாய்தான் சீக்கிரம் பூஞ்சணம் புடிக்கும்" என்றாள். அவள் பதில்கள் எப்போதும் இப்படித்தான். கேள்வி கேட்டவளுக்குத்தான் புத்தி குறைவு என்று ஆகிவிடும்.

அவளுடைய குணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எதற்கும் இன்னொன்று வைத்திருப்பாள். வைத்திருப்பதோடு விடமாட்டாள், அது வேலை செய்கிறதா என்று திறந்தும் பார்ப்பாள். வெளியே கிளம்பும் முன் குடையை வீட்டுக்குள்ளேயே விரித்துப் பார்ப்பாள். வீட்டுக்குள் குடை விரிப்பது ஆகாது என்று எங்கள் அம்மா சொல்வதை நான் சொன்னபோது, "மழையில விரியாட்டிதான் ஆகாது" என்றாள். புதுப் பூட்டு வாங்கினால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டு சாவிகளாலும் பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் கதவில் மாட்டுவாள். ஒருமுறை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் டோர்ச் வாங்கப் போனோம். பற்றரி போட்டு எரித்துக் காட்டச் சொன்னாள்.

"தங்கச்சி, இது புது சாமான்" என்றார் நானா, மனம் நொந்து.

"புதுசுன்னா எரியும்னு எங்க நானா எழுதியிருக்கு?"

அவர் பற்றரியைப் போட்டு அமுக்கினார். எரிந்தது. "இப்ப சந்தோசமா?" என்றார். "இப்பதான் நானா இது டோர்ச்சு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கடைப் பக்கம் கொஞ்ச நாள் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன்.

இப்படிப்பட்டவளிடம் எங்கள் காரியாலயத்தின் கம்ப்யூட்டரை ஒப்படைத்திருந்தார்கள். அது வந்த புதிதில் எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் அதன் பக்கமே போகமாட்டார். தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று அவருக்குப் பயம். அக்கா கொழும்புக்குப் போய்ப் பழகி வந்தாள். பச்சை எழுத்து ஓடும் கனத்த பெட்டி அது. எங்கள் பொறுப்பில் இருந்த தோட்டங்களின் ஆட்கள் பெயர், அவர்கள் வேலை செய்த நாள், பிள்ளைகள் விபரம் எல்லாம் அதற்குள் போனது. மாதக் கடைசியில் அத்தனையையும் பிளொப்பி என்னும் அந்தக் கறுப்புத் தட்டுகளில் பிரதி எடுப்பாள். எடுத்ததை ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்ப்பாள். பிறகு, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்ட பிஸ்கட் டின்னுக்குள் வைப்பாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம்.

அதிலும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. "நம்ம மெஷின் எழுதினத நம்ம மெஷினே படிக்கிறது என்ன பெரிய காரியம்? அவனவன் கிறுக்கல் அவனவனுக்கு வெளங்கத்தான் செய்யும். வேற ஆள் படிச்சாத்தான் எழுத்து" என்பாள். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பிஸ்கட் டின்னோடு பண்டாரவளைக்கு பஸ் ஏறுவாள். அங்கே இன்னொரு காரியாலயத்தில் இதே மாதிரி கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. நானும் ஒருமுறை துணைக்குப் போனேன். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, காந்தம் பட்டால் பிளொப்பியில் இருப்பது அழிந்துவிடும் என்று, ஏறியபோது கிடைத்த இருக்கையையும் விட்டுவிட்டு, ஸ்பீக்கர் இல்லாத நடுப்பகுதியில் டின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தாள். ஒரு கிழவி எழுந்து, "மாசமா இருக்கியா ஆயா? ஒக்காரு" என்று இடம் கொடுத்தது. நான் சிரித்த சிரிப்புக்கு, போய்ச் சேரும் வரை என்னோடு பேசவில்லை.

பிரதியை ஒருபோதும் வேலைக்கு எடுக்கவிடமாட்டாள். ஒருமுறை வேலைத் தட்டு ஒன்று கெட்டுப்போனது. டின்னில் இருப்பதைக் கொடு என்று பெரிய கிளாக்கர் குதித்தார். அவரை நிற்கவைத்துக்கொண்டே, பிரதிக்கு இன்னொரு பிரதி எடுத்து, அதைக் கொடுத்தாள்.

"வேலைக்குன்னு எடுத்துட்டா அப்பறம் அது காப்பி இல்லைங்க ஐயா" என்றாள்.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை காத்திருந்தான். வெலிமடையிலிருந்து பதுளைச் சந்தைக்கு லொறியில் மரக்கறி கொண்டுவருகிறவன். நெடிய ஆள், பேச்சுக் குறைவு. சந்தை முடிந்ததும் காரியாலய வாசலில் ஒரு கட்டு லீக்ஸை வைத்துவிட்டு, அவளைப் பார்த்து, "இன்னைக்கி எளசா இருக்கு" என்பான். அவ்வளவுதான் அவனுடைய காதல். நாங்கள் அவனை லீக்ஸ் மாப்பிள்ளை என்போம். அவள் லீக்ஸை எடுத்துக்கொள்வாள், பதில் மட்டும் சொல்லமாட்டாள். பிடிக்கவில்லையா என்றால், பிடித்திருக்கிறது என்பாள். பிறகு என்ன என்றால், "அப்பா சொல்லட்டும்" என்பாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நான் பழித்துக் காட்டுவேன்.

அந்த அப்பாவின் கதையைப் பண்டாரவளையிலிருந்து திரும்பும்போதுதான் சொன்னாள். பண்டாரவளை ஸ்டேஷனைக் கடந்ததும் தானாகவே பேச ஆரம்பித்தாள். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவள் அப்பா தொழிற்சாலை வேலை. எந்த நாட்டுப் பிரஜையாக வேண்டும், இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம். அவர் தனக்கும் மனைவிக்கும் இரண்டு மகன்மாருக்கும் இந்தியாவுக்கு எழுதினார். மூத்தவளான இவளுக்கு மட்டும் இந்த நாட்டுக்கு எழுதினார்.

"வெதைய பூராவும் ஒரே மழைக்கு போட மாட்டாங்க புள்ளன்னாரு. இந்த ஸ்டேஷன்லதான் கோச்சி ஏறுனாங்க. நாங்க போயி பாக்கிறோம், நல்லா இருந்தா ஒன்னைய கூப்பிடுறோம், சரிப்படாட்டி நாங்க திரும்பி வந்துடுறோம், நீ ஒரு எடம் புடிச்சு வச்சிருன்னு சொன்னாரு."

"கூப்பிட்டாரா?"

"இல்ல."

"வர்றேன்னாரா?"

"அதுவும் இல்ல. நலம், நலமறிய ஆவல்னு மட்டும் எழுதுவாரு."

அவர்கள் போய் எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஓடிய கப்பலும் அதற்குள் நின்றுபோயிருந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. மகளை ஓர் ஊரில் எடுத்து வைத்துவிட்டு, எடுத்து வைத்ததையே மறந்துவிட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் டின்னின் மூடியை அமுக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கம்ப்யூட்டரில் சிஸ்டம் மாற்றும் வேலை வந்தது. பெட்டி அதேதான், அதை ஓட்டுகிற அடிப்படைப் புரோகிராமை அடியோடு எடுத்துவிட்டு வேறொன்றைப் போடவேண்டும். இருக்கிற வீட்டை இடித்துவிட்டு அதே நிலத்தில் இன்னொன்று கட்டுகிற மாதிரி. இடிப்பதற்கு முன்னால் சாமானையெல்லாம் வெளியே எடுத்து வைக்கவேண்டும். எடுத்து வைத்தது புதுவீட்டுக்குள் போகாவிட்டால், தோட்டத்து ஆட்களின் விபரம் முழுவதும் போய்விடும். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதச் சம்பளம் தள்ளிப்போனால் லயத்து வீடுகளில் அடுப்பு எரியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தான். முஸ்லிம் பையன், வேலை தெரிந்தவன், நல்ல சுபாவம். காலையிலேயே ஆரம்பித்தால் மாலை ரயிலுக்குப் போய்விடலாம் என்று நினைத்து வந்திருந்தான். அக்காவை அவனுக்குத் தெரியாதல்லவா? ஒவ்வொரு பிளொப்பியையும் திறந்து, முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் வாசித்துப் பார்த்துவிட்டு, அடுத்ததைக் கையில் எடுத்தாள். அவனே, "செய்யிறது சரிதான் மிஸ், நம்மட ஆக்கள் ஒருத்தரும் இப்படி செய்யிறல்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பெரிய கிளாக்கர்தான் வெளியே உலாத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் திறந்தன. பழையதை அழித்தார்கள். புதியதைப் போட்டார்கள். பழைய பிளொப்பிகளைப் புதிய சிஸ்டம் நேராகப் படிக்காது. படித்து மாற்றிக் கொடுக்க அவன் தனியாக ஒரு புரோகிராம் கொண்டுவந்திருந்தான். அதன் வழியாக ஒவ்வொரு தோட்டமாக உள்ளே போனது. ஒரு பெயரும் விடுபடவில்லை. அவனுக்கு ரயில்தான் விடுபட்டது. கோபப்படாமல் பஸ்ஸில் போகிறேன் என்று பையைக் கட்டினான். அக்கா பழைய பிளொப்பிகளைத் துடைத்து டின்னுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது இனி தேவையில்ல மிஸ்" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

"வச்சு என்ன செய்யப் போறீங்க? இத படிக்கிற புரோகிராம் என்னோட கொழும்புக்கு போகுது. பண்டாரவளையிலயும் அடுத்த கிழம மாத்துறோம். பிறகு இத தொறக்க இந்தப் பக்கத்துல ஒரு மெஷினும் இல்ல."

அவள் கை நின்றது. "அப்ப எவ்வளவு நாளைக்கித்தான் வச்சிருக்கணும்?"

"புதுசு ஒழுங்கா ஓடுற வரைக்கும். ஓடினா பழசு வேணாம்."

"ஓடுதா இல்லையான்னு எப்படி தெரியும்?"

"அதுல வேல செய்யிற ஆள்கிட்ட கேளுங்க மிஸ். கேக்காட்டி எப்படி தெரியும்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா அரிசி களைந்தாள், உலை வைத்தாள், விளக்கேற்றினாள். பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் ஒரு நாளும் கேக்கலையே புள்ள" என்றாள். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நாளைக்குக் கேட்டால் போயிற்று என்றேன்.

"எங்க அப்பாகிட்ட" என்றாள். "அங்க நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு நாளும் வாய விட்டு கேக்கல. அவரா சொல்லட்டும்னே இருந்துட்டேன். இங்க ஒரு மனுசன் வாசல்ல வந்து நிக்கிறான். அவனுக்கும் வயசு போகுது, எனக்கும் போகுது. கேட்டுடணும்."

அவளுடைய குடும்பம் நீலகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் தொலைபேசி உண்டு. இந்த நாளில் கடையில் நில்லுங்கள் என்று முதலில் அப்பாவுக்குத் தந்தி அடித்தாள். அந்த நாளில் நாங்கள் இருவரும் பதுளைத் தபாற்கந்தோரில் டிரங்க் கோலுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பாதி நாள் போனது. கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுடைய அப்பா, கடலைத் தாண்டிக் குரல் போகவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, போட்ட சத்தத்தில் அவள் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது.

"யாருக்கு என்ன ஆச்சு புள்ள?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. ஒரு விசயம் கேக்கணும். அங்க நல்லா இருக்கா, இல்லையா?"

"இருக்கோம்."

"அத கேக்கலப்பா. நீங்க திரும்பி வர்றீங்களா? இல்ல நான் அங்க வரவா? ரெண்டும் இல்லாட்டி நான் எம்பாட்ட பாத்துக்கவா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர் பேசினார். இந்த முறை கத்தவில்லை.

"எங்க புள்ள வர்றது? கப்பலும் இல்ல, இனி அந்த நாட்டுக்காரனும் இல்ல நாங்க. இங்க இருக்கவன் எங்கள சிலோன்காரன்ங்கிறான். ஒங்க அம்மா ஒவ்வொரு மழைக்கும் மூட்டைய கட்டிருது, ஊருக்குப் போறேன்னு. நாந்தான் சொல்லுவேன், பதுளையில மக இருக்கா, வீடு புடிச்சு வச்சிருக்கா, நெனச்சா நாளைக்கே போகலாம், இந்த ஒரு மழைய மட்டும் தாண்டிருவோம்னு. அப்பறம் மூட்டைய அவுத்துரும். இப்படியேதான் புள்ள காலம் ஓடுது. நீ அங்க இருக்கேல்ல?"

"இருக்கேன்பா."

"அது போதும்."

லைன் அறுந்தது. அவள் ரிசீவரை வைத்தாள். வெளியே வந்து படியில் நின்றோம். எனக்குத் தாங்கவில்லை.

"ஒங்கள பத்தி ஒரு வார்த்த கேக்கலையே அக்கா!"

"கேட்டாரே. அங்க இருக்கேல்லன்னு கேட்டாரே" என்றாள். அழவில்லை. கொஞ்சம் நடந்த பிறகு, "அம்மா மூட்டைய அவுத்துருதாம்" என்றாள், எனக்கு அல்ல, தனக்கே.

அடுத்த சந்தை நாளில் லீக்ஸ் மாப்பிள்ளை வழக்கம்போல் கட்டை வைத்துவிட்டு, "இன்னைக்கி கொஞ்சம் முத்தல்" என்றான். அவள், "தை மாசம் ஒரு நாள் பாருங்க" என்றாள். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, கொண்டுவந்த லீக்ஸையே திரும்ப எடுத்துக்கொண்டு லொறிக்குப் போய்விட்டான். நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று சிரித்தோம்.

கல்யாணம் கோயிலில் சுருக்கமாக நடந்தது. முந்தின நாள் நான்தான் கேட்டேன்.

"அப்பாவுக்கு எழுதிட்டீங்களா?"

"இல்ல."

"அப்பறமா எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன்" என்றாள். "மகளுக்கு கல்யாணம் முடிஞ்சிருச்சு, அது இப்ப இன்னொருத்தன் வீடுன்னு தெரிஞ்சா, அம்மா எத நம்பி மூட்டைய அவுக்கும்?"

அது பொய்தானே என்றேன். பொய்தான் என்றாள். புருஷனாக வரப்போகிறவனிடமும் சொல்லிவிட்டாளாம். "ஒங்க அப்பா, ஒங்க இஷ்டம்" என்று விட்டானாம் அந்த நல்ல மனிதன். எனக்கு அது பிடிக்கவில்லை. எரித்துப் பார்க்காத டோர்ச்சை விலைக்கு வாங்காதவள், திறக்கப் போனால் திறக்காது என்று தெரிந்த ஒன்றைப் பெற்ற அப்பன் கையில் கொடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். வேறொரு நாளாக இருந்தால் பட்டென்று பதில் வந்திருக்கும். அன்று எழுந்து போய், வெளியே காய்ந்த பாய்களைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்தாள்.

அவள் புருஷன் அந்த வீட்டுக்கே குடிவந்ததால் நான் வேறு அறை தேடிப் போய்விட்டாலும் போக்குவரத்து விடவில்லை. அடுத்த வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். புருஷனின் சொந்தக்காரர்கள் வெலிமடையிலிருந்து லொறி நிறைய வந்து, கால் வைக்க இடமில்லாமல் வீடு கலகலத்தது. ஒரு கிழவர் கூடத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முழங்காலில் தாளை வைத்து அப்பாவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை.

"இங்கு நான் தனியாகச் சுகமாக இருக்கிறேன். வீடு உங்களுக்காக அப்படியே இருக்கிறது" என்று எழுதி முடித்து, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள்.